அந்தக் கட்டைவிரலை எடுக்கச் சொல்லி ஒரு மடல்

மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்திலும், தமிழ்நாட்டின் மாநில தத்துவள முகமையிலும், சென்னை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும், குழந்தைகள் நலக் குழுக்களிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், ஒரு காலத்தில் குழந்தைகள் இல்லம் நடத்தி அந்தப் பழைய பதிவேடுகளை இன்னும் கையில் வைத்திருப்பவர்களுக்கும்

வணக்கம்.

நான் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். வயது 72. எனக்கு ஒரே மகள். 1991இல் வடசென்னையில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஏழு மாதக் கைக்குழந்தையாக நானும் என் மனைவியும் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. இந்த மடலில் என் பெயர் இல்லை, மகள் பெயர் இல்லை, அந்த இல்லத்தின் பெயரும் இல்லை. தத்துப் போன பிள்ளையை அடையாளம் காட்டக் கூடாது என்று சட்டம் சொல்வது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது அவளுடைய விஷயம். எழுதியதை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். மூன்று இடத்தில் அடித்தாள். "மிச்சத்தை அனுப்புப்பா" என்றாள்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். தத்துப் பதிவேட்டைப் பூட்டியே வையுங்கள். ஊர்க்காரர், உறவுக்காரர், பத்திரிகைக்காரர் யாரும் பார்க்க வேண்டாம். ஆனால் அந்தப் பதிவேடு யாரைப் பற்றியதோ, அந்தப் பிள்ளையே வளர்ந்து வந்து கேட்கும்போது, அவரையும் வெளியாள் வரிசையில் நிறுத்தாதீர்கள்.

1991 ஜூன் மாதம். இல்லத்தின் ஆபீஸ் அறையில் ஒரு ஸ்டீல் மேஜை. ஃபேன் காற்றில் பக்கம் புரளாமலிருக்க ரிஜிஸ்டர் மேல் ஒரு கண்ணாடி பேப்பர் வெயிட். குழந்தை என் மனைவி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கோர்ட் மனுவுக்கு வேண்டிய விவரங்களைப் பொறுப்பாளர் அம்மா அந்த நீளமான ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வந்த தேதி. (இங்கே தேதியை எழுதியிருந்தேன், மகள் அடித்துவிட்டாள்.) வந்த நேரம், விடியற்காலை ஐந்தேகால். எடை, 2 கிலோ 100 கிராம். சுற்றி வந்த துணி, பச்சை நூல் சேலையில் பாதி. அதற்கு அடுத்த கட்டம் தாயின் பெயரும் ஊரும். அந்தக் கட்டத்தின் மேல் அந்த அம்மா தன் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார். நகத்தோரம் ஸ்டாம்ப் பேடின் ஊதா மை ஒட்டியிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பக்கத்தைத் திருப்பும்போது அந்த விரல் ஒரு நொடி நகர்ந்தது. ஊர்ப் பெயரின் கடைசி நான்கு எழுத்து தெரிந்தது. "குப்பம்." அவ்வளவுதான். என் மனைவி பார்க்கவில்லை. நான் பார்த்ததை அவளிடமும் சொல்லவில்லை, மகளிடமும் முப்பது வருடத்துக்கு மேல் சொல்லவில்லை. வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும், குப்பம் என்பது ஒரு ஊரைக் காட்டிக்கொடுக்காது. திருச்சினாங்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கடலோரம் முழுக்கக் குப்பம்தான்.

அந்த அம்மா விரல் வைத்து மறைத்ததை நான் குறை சொல்லவில்லை. நானும் என் மனைவியும் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போன பெண் எந்த நிலைமையில் வந்தாளோ, அவளுக்கு இல்லம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கும். அந்த வாக்கைத்தான் விரலால் காப்பாற்றினார். என் வருத்தமெல்லாம், என் மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் அந்த விரல் அதே இடத்தில் இருக்கிறதே என்பதுதான்.

அவளுக்குத் தத்து விஷயம் தெரிந்தது பதினோரு வயதில். நாங்கள் முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மெட்ரோ வாட்டர் லாரியில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் குடத்தை முன்னால் வைத்தது யார் என்று தகராறு. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஆத்திரத்தில் தத்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அன்று ராத்திரி மகள் கேட்டாள். என் மனைவி மழுப்பவில்லை. "ஆமா கண்ணு, நாங்க ரெண்டு பேரும் போய் உன்னைக் கூட்டிட்டு வந்தோம்" என்று ரிஜிஸ்டரையும் பேப்பர் வெயிட்டையும் பச்சைத் துணியையும் பற்றி எல்லாம் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த நான்கு எழுத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை தேடிப் போய்விடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்த இரண்டு வருடத்தில்தான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, சட்டத்தை எழுதியவர்களும் இந்த விஷயத்தில் தடுமாறியிருப்பது புரிந்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்தது. வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே அங்கே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளை வயது முதிர்ந்த பிறகு தன் பிறப்பைப் பற்றிக் கேட்டால் சொல்வதில் ஆட்சேபம் இருக்காது, வளர்த்தவர்கள் சரியென்று நினைத்தால் சொல்லலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதாவது சாவி வளர்த்தவர்கள் கையில். என்னைப் போன்றவன் கையில் சாவி இருந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் சொன்னேன்.

அப்புறம் காலம் மாறியது. 2015இன் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2017 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் வேர் தேடலுக்கென்றே, அதாவது தத்துப் போன பிள்ளை தன்னைப் பெற்றவர்களைத் தேடுவதற்கென்றே, ஒரு விதி இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2022இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் அது இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம். வயது நிறையாதவர் வளர்க்கும் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்ற தாய் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தால் அவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவள் மறுத்தாலோ, கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலோ, எந்தச் சூழ்நிலையில் பிள்ளை ஒப்படைக்கப்பட்டது என்பதையாவது பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை. பிள்ளையின் உரிமை பெற்றவளின் அந்தரங்கத்தை மீறக் கூடாது. மனிதர்களின் கஷ்டம் தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. பெயர் கிடைக்காவிட்டாலும் கதை கிடைக்கும் என்று ஒரு பிடிமானத்தைத் தருகிறது. இதை எழுதியவர்களுக்கு நான் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

சரி, இந்த விதி என் மகளுக்கு உண்டா? இங்கேதான் சிக்கல். எங்கள் தத்து 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி நடந்தது. அந்தக் காலத்தில் இல்லத்துக் குழந்தையை எடுத்த இந்துக் குடும்பங்களுக்கு அதுதான் வழி. ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற சிட்டி சிவில் கோர்ட்டில் அனுமதி வாங்கினோம். பிறகு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் தத்துப் பத்திரம். பிள்ளையைக் கொடுப்பவர் என்ற இடத்தில் இல்லத்தின் தலைவி கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் ரயில்வே பாஸிலும் பி.எஃப். நாமினேஷனிலும் மகள் பெயரைச் சேர்த்தேன். 2015 சட்டத்தின் 56(3) பிரிவோ, இந்து தத்தெடுப்புச் சட்டப்படி நடந்த தத்துக்கு இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்கிறது.

இந்தப் பிரிவை எதற்காக வைத்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்து வளர்க்கிற குடும்பத் தத்தில் அரசு தலையிட வேண்டாம் என்பதற்காக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பெற்றவர் யார் என்பது வீட்டிலேயே தெரியும். ஆனால் இல்லத்திலிருந்து போன பிள்ளையும் அதே வரியில் மாட்டிக்கொண்டது. ஒரு அலுவலகத்தில் என் மகளிடம் இதையே சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நீங்க பழைய ஆக்ட்மா, இதுல வரமாட்டீங்க." எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார், உட்கார நாற்காலியும் கொடுத்தார். அவர் முன்னால் இருந்த விதிப் புத்தகத்தில் அவளுக்கு இடம் இல்லை.

அதற்கு முன்பு நான் ஒருமுறை தனியாகப் போயிருந்தேன். "நீங்க மூணாவது ஆள் சார், உங்ககிட்ட பேச முடியாது" என்றார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தை உறுத்தியது. முப்பது வருடம் வளர்த்தவன் மூன்றாவது ஆளா? ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயம். கேட்கும் உரிமை அவளுடையது. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு நான் கேட்பது கூட அவளைத் தாண்டிப் போவதுதான். அந்த விதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என்னை மூன்றாவது ஆள் என்று சொல்கிறவர்கள், அவளை முதல் ஆளாக நடத்த வேண்டும் அல்லவா?

தகவல் உரிமைச் சட்டத்திலும் எழுதிப் பார்த்தாள். தனிநபர் தகவல், 8(1)(ஜே) பிரிவின்படி தர இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தத் தாளை என்னிடம் காட்டி, "எந்த தனிநபர்ப்பா? நான்தானே அந்த நபர்?" என்று கேட்டாள்.

தத்துப் பத்திரத்தையே பாருங்கள். சொத்துப் பத்திரம் பதிவாகிற 1ஆம் புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். தத்துப் பத்திரம் பதிவாகிற 4ஆம் புத்தகம் அப்படி இல்லை. பத்திரம் எழுதிக்கொடுத்தவரும் அதன் மூலம் உரிமை பெற்றவரும், அவர்கள் சார்பில் வருகிறவரும் மட்டுமே நகல் வாங்க முடியும். வெளியாளுக்குக் கதவு சாத்தியிருக்கிறது, சம்பந்தப்பட்டவருக்குத் திறந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுச் சட்டமே, 1908இலேயே, இவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. இதைத்தான் இல்லத்து ரிஜிஸ்டருக்கும் கேட்கிறேன்.

இப்போது சொல்லப் போவதை எழுத எனக்கு நிறைய நாள் ஆயிற்று.

1956 சட்டத்தின் 12ஆம் பிரிவு, தத்துப் போன நாளிலிருந்து பிறந்த வீட்டோடு உள்ள எல்லா உறவும் அறுந்து, வளர்க்கிற வீட்டின் பிள்ளையாகிவிடுகிறது என்கிறது. அடுத்த வரியிலேயே ஒரு விலக்கு வைக்கிறது. பிறந்த குடும்பத்திலேயே இருந்திருந்தால் யாரைக் கல்யாணம் செய்திருக்கக் கூடாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் செய்யக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் பிறந்த குடும்பம் எது என்று தெரியாத பிள்ளை இந்த விதியை எப்படிக் காப்பாற்றும்? ஒரு கையால் தெரிந்துகொள்ளாதே என்று தடுத்து, மறு கையால் தெரிந்து நடந்துகொள் என்று சொல்கிறது சட்டம்.

மகளுக்கு இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. தங்கமான பையன். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அவளுக்கும் பிடித்திருந்தது. பேச்சோடு பேச்சாகப் பையனின் அம்மா தன் தாய் வீட்டு ஊரைச் சொன்னார். எண்ணூர்ப் பக்கம், குப்பம் என்று முடிகிற ஊர். எனக்குக் கையில் இருந்த காபி டம்ளர் நடுங்கியது. அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக் கூட இருக்காது என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்? என்ன சொல்லிக் கேட்பேன்? ஜாதகம் சரியாக இல்லை என்று நானே ஒரு பொய் சொல்லி அந்தச் சம்பந்தத்தை நிறுத்தினேன். என் மனைவிக்கு அது கடைசி வரை தெரியாது. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

மகளிடம் போன வருடம்தான் சொன்னேன், குப்பம் என்ற அந்த நான்கு எழுத்தோடு சேர்த்து. அவள் எழுந்து போய் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் மடித்து முடிக்கிற வரை பேசவில்லை. அப்புறம் "ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டாப் போதும்ங்கிற மாதிரி ஒரு ஆபீஸ் இருந்திருந்தா நீ பொய் சொல்லியிருக்க வேணாம், இல்லப்பா?" என்றாள். இப்போது அவள் வேறு ஒரு நல்ல மனிதரைக் கல்யாணம் செய்து சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தப் பையனுக்கும் அவன் வீட்டாருக்கும் நான் செய்தது அநியாயம்.

எல்லா வழக்கிலும் பெயர் வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை பாருங்கள். இந்த ஊர், இந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம், அல்லது பயமில்லாமல் செய்யலாம் என்று ஒரு பொறுப்புள்ள அதிகாரி ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும். உடம்பு விஷயமும் அப்படித்தான். 2022இல் மகளுக்கு மார்பில் ஒரு கட்டி. அம்மாவுக்கு, அம்மாவின் அக்கா தங்கைகளுக்கு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். கடவுள் புண்ணியத்தில் சாதாரணக் கட்டி. இப்போது ஒவ்வொரு வருடமும் பரிசோதனைக்குப் போகிறாள். அவள் மகளுக்கும் அதே கேள்வி ஒருநாள் வரும்.

இன்னொன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. 2005இல் சென்னையில் குழந்தை கடத்தும் கூட்டம் ஒன்று பிடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். புளியந்தோப்பு போன்ற ஏழைகளின் குடியிருப்புகளில் தெருவில் இருந்த பிள்ளைகளைத் தூக்கிப்போய், பொய்க் காகிதம் தயார் செய்து, தத்து என்ற பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நெதர்லாந்துக்கு, ஆஸ்திரேலியாவுக்கு, அமெரிக்காவுக்கு என்று போனார்கள் அந்தப் பிள்ளைகள். பெற்றவர்கள் வருடக்கணக்கில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள். பேப்பரில் அந்தச் செய்தி வந்த அன்று என் மனைவி சமைக்கவில்லை. "நம்ம பிள்ளை அப்படி இல்லையே?" என்று மட்டும் கேட்டாள். 'அப்படி இருக்காது' என்றேன். எங்களுடையது வேறு இல்லம், வேறு காலம், கோர்ட் வழியாக வந்தது. ஆனாலும் அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அதன் அடியில் உண்மையிலேயே ஒரு பெயர் எழுதியிருந்ததா? பெற்றவள் உண்மையிலேயே கையெழுத்துப் போட்டாளா? யாருமே திறந்து பார்க்க முடியாத ரிஜிஸ்டரில் நல்லவர்கள் காப்பாற்றிய ரகசியமும் இருக்கும், திருடர்கள் ஒளித்த ரகசியமும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேர்மையாக இல்லம் நடத்தியவர்களுக்கும் அந்தச் சந்தேகத்திலிருந்து விடுதலை வேண்டாமா?

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைக்காவது ஒரு பிடி இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் தத்துக்கான 1993இன் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003இல் சேர்ந்தது. பிள்ளையின் பிறப்பு விவரத்தையும், பெற்றோர் யார் என்பதையும், உடல்நல விவரத்தையும் பாதுகாத்து வைக்க வேண்டும், சட்டம் அனுமதிக்கிற அளவுக்குத் தக்க வழிகாட்டுதலோடு பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று அதன் 30ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டேரியிலும் வியாசர்பாடியிலும் வளர்ந்த பிள்ளைக்கு அதில் பாதியாவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெற்றவளை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. மனைவி போன பிறகு ஒருநாள் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிக் கத்திவாக்கத்தில் இறங்கினேன். கடற்கரைப் பக்கம் நடந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள். என் வயதுக்குப் பத்துப் பதினைந்து வயது குறைந்த பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் "யாரைப் பாக்கணும் பெரியவரே?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்து, 1990இல் இங்கே யாராவது ஒரு பெண் பிள்ளையைக் கொடுத்தார்களா என்று கேட்டால், சாயங்காலத்துக்குள் அந்தக் குப்பம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். அவள் அங்கே இருந்தால், புருஷன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் முன்னால் அவளுக்கு என்ன ஆகும்? "யாருமில்ல, சும்மா காத்து வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்துத் திரும்பிவிட்டேன்.

நான் திரும்பி வந்தேன். எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. இப்போதுள்ள பிள்ளைகளிடம் ஃபேஸ்புக் இருக்கிறது, எச்சிலை அனுப்பினால் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துத் தருகிற மரபணுப் பரிசோதனை இருக்கிறது. அரசாங்கக் கதவு திறக்காவிட்டால் பிள்ளைகள் சந்து வழியாகத்தான் போவார்கள். அதில் முதலில் அடிபடுவது யாரைக் காப்பாற்றப் பூட்டு போட்டீர்களோ அந்தத் தாய்தான். பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளர், வீட்டுக்குக் கடிதம் அனுப்பாமல், போலீஸை வைத்து விசாரிக்காமல், அவளைத் தனியாகச் சந்தித்து, 'உன் பிள்ளை நன்றாக இருக்கிறாள், உன்னைப் பற்றிக் கேட்கிறாள், உனக்குச் சம்மதமா?' என்று கேட்பது ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. வேண்டாம் என்று அவள் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். என் மகளும் அதை ஏற்றுக்கொள்வாள். ஆனால் அவளிடம் கேட்காமலே, அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று அலுவலகம் முடிவு செய்ய வேண்டாம். முப்பத்து நான்கு வருடமாக அவளும் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கலாம்.

2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் செய்தது எனக்கு வழிகாட்டியாகத் தெரிகிறது. கல்யாணம் ஆகாத ஒரு தாய், தன் மகனுக்குத் தான் மட்டுமே காப்பாளராக இருக்க வேண்டும், தகப்பன் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று போனார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. பிள்ளைக்குத் தன் பெற்றோர் யார் என்று தெரிய உரிமை உண்டு என்பதையும் அந்தத் தாயிடம் எடுத்துச் சொன்னது. அவர் நீதிபதிகளிடம் மட்டும் பெயரைச் சொன்னார். அதை ஓர் உறையில் போட்டுச் சீல் வைத்து, நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே பிரிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். தாயின் ரகசியமும் காப்பாற்றப்பட்டது, பிள்ளைக்கான பதிலும் அழியாமல் இருக்கிறது. ஒவ்வொரு தத்து ஃபைலிலும் அப்படி ஓர் உறை இருக்கக் கூடாதா?

இப்போதைய சட்டத்தில் பிள்ளையை ஒப்படைக்க வருகிற தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் தருகிறீர்கள். அந்த இரண்டு மாதத்திலேயே அவளிடம் இன்னும் சில விஷயம் கேளுங்கள். குடும்பத்தில் என்னென்ன வியாதி உண்டு, பிள்ளை வளர்ந்து வந்தால் என்ன சொல்ல வேண்டும், ஒரு கடிதம் எழுதி வைக்கிறாயா. எழுதத் தெரியாவிட்டால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பெயரைச் சொல்லாதே என்றவள் பத்து வருடம் கழித்து வந்து மாற்றிச் சொல்லவும் ஒரு வழி வையுங்கள்.

பழைய பிள்ளைகளுக்கு ரிஜிஸ்டர்தான் எல்லாம். எங்கள் இல்லம் மூடி வெகுகாலம் ஆகிறது. ரிஜிஸ்டர்கள் எங்கே என்று விசாரித்தால் ஒருவர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து போயிற்று என்கிறார். இன்னொருவர் அதற்கு முன்பே அரசிடம் ஒப்படைத்தாயிற்று என்கிறார். மூன்றாமவர் ஒரு டிரங்குப் பெட்டியைப் பார்த்ததாகச் சொல்கிறார். இன்னொரு மழைக்கு அவை தாங்காது, தாள்கள் முறுக்காகப் பொடியும் வயது அவற்றுக்கு. அதனால்தான் பழைய இல்லக்காரர்களையும் இந்த மடலில் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் மேல் யாரும் வழக்குப் போட வரவில்லை. பீரோவில், பரணில், மாதா கோவில் அறையில் எங்கே இருந்தாலும் எடுத்துக் கொடுங்கள். முகமை அவற்றை வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எந்த இல்லத்தின் எந்த வருட ரிஜிஸ்டர் தன்னிடம் இருக்கிறது என்று மட்டும் வெளியிடட்டும். ஒரு பெயர்கூட வெளியே வர வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவு போடுகிற வேலை கோர்ட்டிலிருந்து கலெக்டரிடம் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் ராஜாஜி சாலையில், பழைய ஃபைல்கள் ஹைகோர்ட் வளாகத்தில். இரண்டுக்கும் நடந்தே போகலாம். பிள்ளைதான் இரண்டு வாசலுக்கும் அலைய வேண்டும் என்று வைக்காதீர்கள்.

56(3) இருந்தாலும், இல்லத்திலிருந்து போன பிள்ளை எந்தச் சட்டப்படி தத்துப் போயிருந்தாலும் வேர் தேடலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆணையம் ஒரு சுற்றறிக்கை போட்டால், அந்த நாற்காலி கொடுத்த அலுவலர் அடுத்த முறை என் மகளைத் திருப்பி அனுப்ப மாட்டார். பதிலுக்கு ஒரு கெடுவும் வையுங்கள். இல்லை என்றால் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் எழுத்தில் கொடுங்கள். ஒப்படைத்த சூழ்நிலையைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று உங்கள் விதியே சொல்கிறது.

மகள் இந்த மாதம் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறாள். நான் கூடப் போவேன், ஆனால் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது ஆள் உள்ளே வரக் கூடாது, வரவும் மாட்டேன். விண்ணப்பத்தோடு அவள் ஓர் உறையும் கொண்டுவருவாள். பெற்றவளுக்கு அவள் எழுதிய இரண்டு பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் அவள் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அப்பா
பெரம்பூர்